ஒன்பது இடங்கள், ஒன்பது பேர்: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வீரர் அட்டைத் தொகுப்பு குறித்து ஒரு மதிப்பீடு

பேஸ்பாலில் களத்தில் நிற்பவர்கள் ஒன்பது பேர். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்து வீசும் பிட்சர் ஒன்று, மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டு என்று தொடங்கி, ஓடுபவர்கள் வரிசையாகத் தொட்டுச் செல்லும் பேஸ்களில் முதல் பேஸ் மூன்று, இரண்டாம் பேஸ் நான்கு, மூன்றாம் பேஸ் ஐந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆறு எனச் சென்று, இடது, நடு, வலது வெளிக்களங்கள் ஏழு, எட்டு, ஒன்பது என முடியும். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும்: இந்த எண்களை அவர்கள் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆனால் அந்தந்த இடத்துக்கு உரிய வேலை இன்னது என்று புரிந்துகொள்ள ஒரு பருவமே ஆகிவிடும். அதனால், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் நெடிய வரலாற்றிலிருந்து இடவாரியாகச் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் படத்துடன் அட்டைகளாகத் தொகுத்த ஒரு பெட்டி கிடைக்கிறது என்று அறிந்ததும், புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடை மூலமாக அதை வரவழைத்தேன்.

நியூயார்க் யாங்கீஸ் போன்ற பேர்பெற்ற அணிகள் இருக்கையில் பைரேட்ஸ் எதற்கு என்று கேட்கலாம். 2008-ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களை ஒப்பந்தம் செய்த அணி இதுதான். உத்தரப் பிரதேசத்திலிருந்து சென்ற அந்த இருவரும் மறு ஆண்டே ஃபுளோரிடாவில் அணியின் தொடக்க நிலைப் பிரிவில் பந்து வீசினார்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அமெரிக்க அணிகளில் முதலில் பெயர் சொல்லிக் கேட்பது பைரேட்ஸைத்தான். அதோடு, அமெரிக்காவின் இரண்டு முதன்மை லீக்குகளுள் ஒன்றான நேஷனல் லீக்கில் 1887 முதல் ஆடிவரும் இந்த அணி 1909, 1925, 1960, 1971, 1979 என ஐந்து முறை, இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரை வென்றிருக்கிறது. எனவே ஒன்பது இடங்களுக்கும் ஆள் தேடுவதற்கு இதன் வரலாற்றில் பஞ்சமில்லை.

பெட்டியைத் திறந்தால், இடத்துக்கு ஒன்றாக ஒன்பது பெரிய அட்டைகளும், அந்தந்த இடத்துக்குப் போட்டியாக இருந்தவர்களின் சிறிய அட்டைகளும், களத்தின் வரைபடம் ஒன்றும் இருக்கின்றன. பெரிய அட்டை ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டுப் புத்தக அளவுக்கு இருக்கிறது. முன்புறம் வீரரின் படமும் வலது மேல் மூலையில் இடத்தின் எண்ணும், பின்புறம் குறிப்புகளும் அச்சிடப்பட்டுள்ளன. எண்ணைப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட்டிருப்பது சரியான முடிவு. மைதானத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அது தெரிகிறது. படங்கள் பழைய புகைப்படங்களைப் பார்த்துக் கையால் தீட்டியவை. தாள் கனமானது என்றாலும், அதன் பளபளப்புப் பூச்சு நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றுக்கு ஏற்றதாக இல்லை. வெளியில் வைத்துப் புழங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அட்டைகளின் ஓரம் லேசாகச் சுருளத் தொடங்கிவிட்டது.

இடவாரித் தேர்வு என்றால் அந்த இடத்தில் நின்று ஆடியவர்களுள் மட்டையால் அதிகம் அடித்தவரைப் பொறுக்கி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடம் ஒருவரிடம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தவரே அந்த இடத்துக்குச் சிறந்தவர் என்பது என் கருத்து. இந்தப் பெட்டியை நான் எடைபோட்டது இந்த ஓர் அளவுகோலால்தான். பெட்டி பல இடங்களில் இந்த அளவுகோலுக்கு நின்று பிடிக்கிறது. இரண்டு இடங்களில் சறுக்கிவிட்டது.

ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு ஹோனஸ் வாக்னர் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 1900 முதல் 1917 வரை பைரேட்ஸுக்கு ஆடிய அவர், எட்டு முறை லீக்கின் மட்டையடிச் சராசரியில் (மட்டை பிடித்த முறைகளில் எத்தனை ஹிட், அதாவது பந்தை அடித்துப் பேஸை எட்டியது, என்ற விகிதம்) முதலிடம் பிடித்தவர். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐவருள் ஒருவர். சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். வளைந்த கால்களும் நீண்ட கைகளும் அகன்ற உள்ளங்கைகளும் கொண்ட அவர், தரையோடு வரும் பந்தை மண்ணோடும் சிறுகல்லோடும் சேர்த்து அள்ளி முதல் பேஸுக்கு எறிவார் என்று சொல்வார்கள். ஓவியர் அந்தக் கைகளை உணர்ந்து வரைந்திருக்கிறார்: குனிந்த நிலையில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் விரல்கள், கையுறையின் ஓரத்தில் ஒட்டிய செம்மண். தொடக்க ஆண்டுகளில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடிய வாக்னர் 1903 முதல்தான் ஷார்ட்ஸ்டாப்பில் நிலைத்தார் என்பதையும் பின்புறக் குறிப்பு மறக்காமல் சொல்கிறது. 1909 உலகத் தொடரில் எதிரணியான டெட்ராய்ட்டின் நட்சத்திர வீரர் டை காப் அடித்த சராசரி .231 ஆக இருக்க, வாக்னர் .333 அடித்து, ஆறு முறை பேஸ் திருடவும் செய்தார் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத் திருடுவது என்பார்கள்) என்ற செய்தியும் இருக்கிறது.

வாக்னர் பெயரைச் சொன்னால் அட்டை சேகரிப்போர் அனைவருக்கும் ஞாபகம் வருவது வேறொன்று. 1909-இல் ஒரு புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிட்ட வீரர் அட்டைகளுள் வாக்னரின் அட்டை விரைவிலேயே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். தமக்குரிய தொகை கிடைக்காததால் மறுத்தார் என்பது இன்னொன்று. எதுவாயினும், எஞ்சியிருக்கும் சில பத்து அட்டைகளுள் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் ஒரு பெட்டிக்கு இந்தச் செய்தி அவசியம் என்று கருதுகிறேன். தொகுத்தவர்கள் ஒரு வரி கூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பெட்டியின் சிறந்த அட்டை நான்காம் எண். இரண்டாம் பேஸுக்குப் பில் மெசராஸ்கியைத் தேர்ந்தெடுத்ததற்குத் துணிவு வேண்டும், ஏனெனில் அவருடைய மட்டையடிச் சராசரி .260 தான், வெறும் எண்களைப் பார்ப்பவர்கள் அவரைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் இரண்டாம் பேஸ் கேட்கும் தலையாய வேலை டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இருவரை ஆட்டமிழக்கச் செய்வது. ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறியும் பந்தை ஓட்டக்காரர் பாய்ந்து வரும் வேளையில் பேஸின் மேல் நின்று வாங்கி, உடலைத் திருப்பி, அதே மூச்சில் முதல் பேஸுக்கு அனுப்ப வேண்டும். ஆறு, நான்கு, மூன்று என்று ஆட்டக் குறிப்பில் எழுதப்படும் இந்த வேலையில் மெசராஸ்கிக்கு நிகர் இன்றுவரை இல்லை. இரண்டாம் பேஸில் நின்று அவர் பங்கேற்ற 1,706 டபுள் பிளேக்கள் இன்றும் சாதனையாக நிற்கின்றன. பந்து கையுறைக்குள் தங்கியதே கண்ணுக்குத் தெரியாது. பட்டதும் வலக்கைக்கு மாறிவிடும். கையே இல்லாதவர் என்று சக வீரர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது அதனால்தான்.

அட்டையின் பின்புறத்தில் அந்தத் திருப்பத்தை மூன்று சிறு கோட்டோவியங்களாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: பந்து வருவதற்கு முன் பாதம் இருக்கும் இடம், கையுறையைத் தொட்டதும் தோள் திரும்பும் கோணம், எறியும்போது முழங்கை. எங்கள் அணியில் இரண்டாம் பேஸில் நிற்கும் மாணவி ஒருத்தி பந்தை வாங்கியபின் கையுறையை மார்போடு அணைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் மாறாதது, இந்த இரண்டாவது ஓவியத்தைப் பார்த்தபின் மாறத் தொடங்கியது. கையுறை வயிற்றுக்கு முன்னாலேயே நிற்கிறது, வலக்கை அங்கே காத்திருக்கிறது என்பதை அவளே விரல் வைத்துக் காட்டிச் சொன்னாள். ஓர் அட்டை இதைவிட என்ன செய்ய வேண்டும்?

மெசராஸ்கியின் மட்டையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 1960 உலகத் தொடரில் யாங்கீஸ் அணி ஏழு ஆட்டங்களில் மொத்தம் 55 ரன்கள் எடுத்தது. பைரேட்ஸ் எடுத்ததோ 27. ஆயினும் தொடர் மூன்றுக்கு மூன்று எனச் சமநிலையில் இருந்தது. அக்டோபர் 13 அன்று, ஏழாம் ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் 9-9 என்று நின்றபோது, ரால்ஃப் டெர்ரி வீசிய பந்தை மெசராஸ்கி இடது மதிலுக்கு அப்பால் அடித்தார். உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம் ஒரு ஹோம் ரன்னால் அந்தக் கணத்திலேயே முடிந்தது அந்த ஒரு முறைதான். அட்டையைத் தொகுத்தவர்கள் இதை முன்புறப் படமாக வைத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் டபுள் பிளேயைப் படமாக்கி, ஹோம் ரன்னைப் பின்புறக் குறிப்பாக்கியது அவர்களுடைய தெளிவைக் காட்டுகிறது.

மூன்றாம் பேஸுக்குப் பை ட்ரெய்னர், வாழ்நாள் சராசரி .320, 1925 வெற்றியில் பங்கு, 1948-இல் புகழ் மண்டபம். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. முதல் பேஸுக்கு வில்லி ஸ்டார்ஜெல். தம் ஆட்ட வாழ்வின் முற்பகுதியை இடது வெளிக்களத்தில் கழித்தவர் அவர்; எனினும் 1979-இல் 39 வயதில் அணியைத் தூக்கி நிறுத்தியது முதல் பேஸில் நின்றுதான் என்பதால் இந்த இடம் அவருக்குப் பொருந்தும். 475 ஹோம் ரன்களும் பைரேட்ஸுக்காகவே அடித்தவை. நன்றாக ஆடிய சக வீரர்களின் தொப்பியில் தைத்துக்கொள்ள அவர் பொன்னிற நட்சத்திரங்களைத் தம் கையால் வழங்கினார். பால்டிமோர் அணிக்கு எதிரான உலகத் தொடரில் 1-3 எனப் பின்தங்கிய அணி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. அந்த நட்சத்திரம் அட்டையில் சற்றே மேடாக, தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும்படி அச்சிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள்.

இடது வெளிக்களத்தில்தான் பெட்டி முதன்முதலாகச் சறுக்குகிறது. அங்கே ரால்ஃப் கைனரை நிறுத்தியிருக்கிறார்கள். 1946 முதல் 1952 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஹோம் ரன்களில் லீக்கின் முதலிடத்தைத் தனித்தோ பகிர்ந்தோ பிடித்தவர் என்பது உண்மை. ஆனால் 1947-இல் மைதானத்தின் இடது பக்க எல்லையை 30 அடி முன்னால் நகர்த்தியதும் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. மேலும் கைனர் ஓட்டத்தில் வேகமானவர் அல்லர். மெசராஸ்கியைப் பந்து பிடிக்கும் திறனுக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் இங்கே அந்த நெறியை ஏன் கைவிட்டார்கள் என்பது விளங்கவில்லை. 1986 முதல் 1992 வரை இங்கே ஆடிய பாரி பாண்ட்ஸ், லீக்கின் சிறந்த வீரர் விருதை 1990-இலும் 1992-இலும் வென்றவர். களத் திறனுக்கான தங்கக் கையுறை விருதை அதே காலத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றவர். பின்னாளில் வேறோர் அணியில் ஆடியபோது அவர் பெயரைச் சுற்றி எழுந்த ஊக்கமருந்துச் சர்ச்சை தொகுத்தவர்களைத் தயங்க வைத்திருக்கலாம். அப்படியானால் அதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அவரைச் சிறிய அட்டைக்குத் தள்ளிவிட்டு வாளாவிருப்பது முறையன்று.

பாண்ட்ஸ் பைரேட்ஸுக்காக எறிந்த கடைசிப் பந்துகளுள் ஒன்று இந்த விவாதத்தில் அவருக்கு எதிராகச் சொல்லப்படுவதுண்டு. 1992 அக்டோபர் 14 அன்று, அட்லாண்டாவுக்கு எதிராக லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் இடது பக்கம் வந்த பந்தை அவர் எடுத்து, ரன்னை முடிக்கத் தொட வேண்டிய ஹோம் பேஸுக்கு எறிந்தார். அது சற்று விலகிப் போக, மெதுவாக ஓடக்கூடிய அட்லாண்டா வீரர் சிட் பிரீம் சறுக்கி விழுந்து ரன்னை எடுத்துவிட்டார். பைரேட்ஸ் 3-2 எனத் தோற்றது. அதற்குப் பின் இருபது பருவங்கள், வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதியாக, அந்த அணி தலையெடுக்கவில்லை. ஓர் எறிதலை வைத்து ஏழு ஆண்டு உழைப்பை எடைபோட முடியாது. ஆனால் இடது வெளிக்களத்தில் எறிதலுக்கு அவ்வளவு வேலை இல்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நடு வெளிக்களத்துக்கு மேக்ஸ் கேரி. பத்து ஆண்டுகள் லீக்கிலேயே அதிக பேஸ்களைத் திருடியவர், மொத்தம் 738. 1925 உலகத் தொடரின் மழையில் நனைந்த ஏழாம் ஆட்டத்தில் வால்டர் ஜான்சனின் பந்துவீச்சை எதிர்த்து நான்கு ஹிட்டுகள் அடித்தவர். 2013-இல் சிறந்த வீரர் விருது பெற்று, அந்த இருபதாண்டு வறட்சியை முடித்து வைத்த ஆண்ட்ரூ மெக்கட்சன் சிறிய அட்டையில் இருக்கிறார். பிள்ளைகள் மெக்கட்சனைத்தான் கேட்கிறார்கள். கேரி போதும் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் எண் ரொபெர்ட்டோ கிளெமென்டே. வலது வெளிக்களம் கேட்பது நீண்ட, நேரான எறிதல். ஏனெனில் அங்கிருந்துதான் மூன்றாம் பேஸ் மிகத் தொலைவு. 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல் பன்னிரண்டு தங்கக் கையுறை விருதுகள், நான்கு மட்டையடிப் பட்டங்கள், 1966-இல் லீக்கின் சிறந்த வீரர், 1971 உலகத் தொடரின் சிறந்த வீரர். 3,152 ஹிட்டுகள் அடித்த பால் வேனரையே சிறிய அட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கிளெமென்டேயின் கைதான். படமும் அதையே காட்டுகிறது: எறிந்து முடித்த உடல் முன்னால் சாய்ந்து, கால் தரையைவிட்டு எழும்பி, பந்து படத்துக்கு வெளியே போய்விட்டிருக்கிறது. பழைய அட்டைகள் பலவற்றில் அவர் பெயரைப் பாப் என்று அமெரிக்க வழக்கப்படி சுருக்கி அச்சிட்டார்கள். பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்து வளர்ந்த அவர் அதை விரும்பியதில்லை. இந்த அட்டையில் ரொபெர்ட்டோ என்ற முழுப்பெயர் பெரிய எழுத்தில் இருப்பது கண்டு மகிழ்ந்தேன்.

1972 செப்டம்பர் 30 அன்று அவர் தம் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். லீக் ஆட்டங்களில் அதுவே கடைசியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. கிளெமென்டே தம் ஊரில் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் நிவாரணப் பொருட்களைத் திரட்டி அனுப்பினார். அனுப்பியவை மக்களுக்குச் சேராமல் இடையில் மடக்கப்படுகின்றன என்று தெரிந்ததும், தாமே உடன் சென்றால் எவரும் கை வைக்க மாட்டார்கள் என்று முடிவு செய்து, டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிச் சுமையேற்றிய ஒரு பழைய விமானத்தில் ஏறினார். கிளம்பிய சிறிது நேரத்தில் அது கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1973-இலேயே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

இந்த வரலாற்றுக்கு அட்டை ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். பெட்டியைத் தொகுத்தவர்கள் மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் அலை ஏறியதையும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததையும் பார்த்த ஊர் இது. நிவாரண லாரி வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன என்பதை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கத் தாமே கிளம்பிய ஒருவரைப் பற்றி நான் வாய்மொழியாகச் சொன்னபோது, அன்றைய பயிற்சி அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பிள்ளையும் பந்தை எடுக்கவில்லை. அட்டையின் பின்புறத்தில் சராசரிகளுக்கு ஒதுக்கிய அட்டவணையில் பாதியைக் குறைத்திருந்தால் இதற்கு இடம் கிடைத்திருக்கும்.

இரண்டாவது சறுக்கல் கேட்சரிடம். பனாமாவில் பிறந்த மேனி சங்கியென் நல்ல தேர்வே. ஆனால் அட்டை சொல்வதெல்லாம் அவருடைய .296 சராசரியை மட்டும்தான். பந்து வீசுபவருக்குச் சைகை கொடுப்பது, தாழ்ந்து வரும் பந்தை உடலால் மறிப்பது, திருட ஓடுபவரை எறிந்து வீழ்த்துவது என அந்த இடத்துக்கே உரிய எதுவும் இல்லை. மெசராஸ்கி அட்டையில் மூன்று ஓவியங்கள் வரைந்தவருக்குக் கேட்சர் உட்காரும் முறைக்கு ஓர் ஓவியம் வரைய மனம் வரவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கிளெமென்டேயின் உடலைத் தேடிக் கடலுக்குள் முக்குளித்தவர்களோடு, அஞ்சலிக் கூட்டத்துக்கும் போகாமல், சேர்ந்து தேடிய நண்பர் இவர். அதுவும் அட்டையில் இல்லை.

பிட்சர் இடத்துக்கு, 1909 உலகத் தொடரில் புதுமுகமாக வந்து மூன்று ஆட்டங்களை வென்ற பேப் ஆடம்ஸ். சிறிய அட்டைகளில் ஹார்வி ஹாடிக்ஸைச் சேர்த்தது நன்று. 1959 மே 26 அன்று தொடர்ந்து 36 பேரை ஒருவரும் பேஸை எட்டாதபடி வீழ்த்தி, பன்னிரண்டு இன்னிங்ஸ் குறையின்றி வீசி, பதின்மூன்றாவதில் 0-1 எனத் தோற்ற அவரைப் பற்றிய குறிப்பு மிகச் செறிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டத்தின் முடிவில் வந்து வீசும் பிட்சர்களுக்கு இடமே ஒதுக்காதது பெருங்குறை. அதே 1959-இல் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்று முடித்த எல்ராய் ஃபேஸை எந்தப் பைரேட்ஸ் பட்டியலும் விட்டுவிடக் கூடாது.

விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, சொன்ன வாரத்தில் வரவழைத்துக் கொடுத்தார். பெட்டியின் ஒரு மூலை வழியில் நசுங்கியிருந்ததைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே உள்ளே இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார். தனி அட்டைகளாகத் தருவதில்லை, முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். பள்ளிக்கோ பயிற்சிக் குழுவுக்கோ வாங்குபவர்கள் பெரிய அட்டைகள் ஒன்பதையும் முதலிலேயே லேமினேட் செய்துவிடுவது நல்லது. ஆனால் ஸ்டார்ஜெல் அட்டையை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும், லேமினேட் செய்தால் அந்த நட்சத்திரம் விரலுக்குத் தட்டுப்படாது.